நெஞ்சுக்குள் ஒரு கதவு

மாலையில் செபமாலை முடிந்து வீட்டார் எழுந்து சென்ற பின் சிறிது நேரம் நிலவும் அமைதியை நாம் அறிவோம். திருஇருதயப் படத்தின் முன் எரியும் சிறு விளக்கைத் தவிர அப்போது வேறெதுவும் அசைவதில்லை. இதயத்தில் இயந்திர வால்வு பொருத்தப்பட்ட ஒருவர் அந்த நேரத்தில் நம் அருகில் அமர்ந்திருந்தால், சுவர்க் கடிகாரத்தின் ஒலியோடு இன்னோர் ஒலியும் காதில் விழும். சின்னஞ்சிறு தாழ்ப்பாள் ஒன்று விழுந்து விழுந்து எழுவது போன்ற ஒலி. அது அவருடைய நெஞ்சிலிருந்து வருகிறது.

இராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்தில் வாழும் அத்தகைய பெரியவர் ஒருவரை நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டுவதில்லை, அவரைப் போன்றோர் பல ஊர்களிலும் உளர். 1990-களின் நடுவில், முப்பத்தைந்து வயதில், மூச்சிரைத்து நாலடி நடக்க இயலாமல் கிடந்தவர். கடன் வாங்கி, நகை விற்று, அறுவை செய்துகொண்டு எழுந்தவர். இன்று அறுபத்தைந்தைக் கடந்துவிட்டார். பிள்ளைகளுக்குத் திருமணம் முடித்தார்; பேரப்பிள்ளைகளைத் தோளில் சுமந்து தேர்ப்பவனிக்குச் சென்றார். இதயம் நிமிடத்திற்கு 72 முறை துடிப்பதாகக் கொண்டால், ஒரு நாளில் 1,03,680 முறை அந்தச் சிறு கதவு திறந்து மூடியிருக்கிறது. முப்பது ஆண்டுகளில் அது நூறு கோடியைத் தாண்டிவிடும்.

அறுவை மருத்துவம் அவருக்கு முப்பது ஆண்டுகளை ஈட்டித் தந்தது. அந்த ஆண்டுகள் எத்தகையனவாக இருந்தன, இனி எத்தகையனவாக இருக்கும் என்பது வேறொரு கேள்வி. அதற்கு விடை காண, அந்தக் கதவின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நன்று.

கதவைச் செய்தவர்கள்

நம் இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இரத்தத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிட்டு, திரும்பி வராமல் தடுக்கும் கதவுகள் அவை. கதவு சுருங்கினால் இரத்தம் முன்செல்லத் திணறும். சரியாக மூடாவிட்டால் பின்னோக்கிக் கசியும். இரண்டிலும் இதயம் அளவுக்கு மீறி உழைத்துக் களைத்துப்போகும்.

பழுதான கதவுக்கு மாற்றாகச் செயற்கைக் கதவு ஒன்றை மனித உடலில் முதன்முதலாகப் பொருத்தியவர் சார்லஸ் ஹஃப்னேகல். இயேசு சபையார் நிறுவிய ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில், வாஷிங்டன் நகரில், 1952-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் அது நடந்தது. இதயத்தைத் திறந்து உள்ளே தைக்கும் வசதி அன்று இல்லை. எனவே அவர், கூண்டுக்குள் உருளும் சிறு பந்தைக் கொண்ட குழாய் ஒன்றை, இதயத்திலிருந்து கீழிறங்கும் பெருந்தமனியில் பொருத்தினார். முழுத் தீர்வு அன்று அது. ஆயினும் நோயாளிகளின் துன்பம் குறைந்தது. அந்தப் பந்து எழுப்பிய ஒலி அறைக்கு அப்பாலும் கேட்டதாம். செயற்கை வால்வோடு வாழ்பவர்கள் ஒலியோடும் வாழவேண்டும் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்த ஆண்டு, 1953 மே மாதத்தில், பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு ஓர் அறுவையை வெற்றியாக முடித்தார். இதயத்தை நிறுத்திவைத்து உள்ளே வேலை செய்யும் வழி அதனால் திறந்தது. 1958-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், ஆல்பர்ட் ஸ்டார் என்னும் இளம் மருத்துவரைத் தேடி லோவல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளர் வந்தார். அப்போது அவருக்கு அறுபது வயது. பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். முழுச் செயற்கை இதயம் ஒன்றைச் செய்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம். "முதலில் ஒரு வால்வைச் செய்வோம்" என்ற பொருளில் மருத்துவர் அவரை வழிப்படுத்தினார். இரண்டே ஆண்டுகளில் அவர்கள் வால்வைச் செய்துமுடித்தார்கள்.

1960 ஆகஸ்டில் அதைப் பெற்ற முதல் நோயாளி பிழைக்கவில்லை. செப்டம்பர் 21-ஆம் நாள் அதைப் பெற்ற 52 வயது பிலிப் அமண்ட்சன் பிழைத்தார். பத்தாண்டுகளேனும் வாழ்ந்தபின், வீட்டுக்கு வர்ணம் பூசும்போது ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். அவருடைய முடிவு துயரமானதுதான். ஆயினும் அதில் ஓர் ஆறுதல் உண்டு. மூச்சுவிடத் திணறிக் கிடந்த மனிதர், ஏணியில் ஏறி வர்ணம் பூசும் அளவுக்கு வாழ்ந்திருக்கிறார்! வாழ்வின் தரம் என்று இன்று நூல்கள் விரித்துரைப்பதை அந்த ஏணி ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது.

நம் மண்ணில்

மேலை நாடுகளில் வால்வு மாற்றப்படுவோருள் பெரும்பாலோர் முதியவர்கள். வயதின் தேய்மானத்தாலும் சுண்ணாம்புப் படிவாலும் அவர்களுடைய வால்வுகள் இறுகுகின்றன. நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே வால்வைக் கெடுப்பது பெரும்பாலும் இளமையில் வரும் ருமாட்டிக் காய்ச்சல். பள்ளிப் பிள்ளைக்குத் தொண்டை வலிக்கிறது, காய்ச்சல் வருகிறது, சில வாரங்களில் மூட்டுகள் மாறி மாறி வீங்குகின்றன. வீட்டார் மூட்டுக்கு எண்ணெய் தடவுகிறார்கள், வீக்கம் வடிகிறது, எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இதயம் மட்டும் மறப்பதில்லை. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து, பெண்ணாயின் பெரும்பாலும் பேறுகாலத்தில், மூச்சுத் திணறலாக அது வெளிப்படுகிறது. நெருக்கடியான வீடுகளிலும் மருத்துவ வசதி எட்டாத ஊர்களிலும் இந்நோய் மிகுதி. உலகம் முழுவதிலும் 5.5 கோடிப் பேர் ருமாட்டிக் இதய நோயோடு வாழ்வதாகவும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 3.6 லட்சம் பேர் அதனால் இறப்பதாகவும் உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது.

இந்தியாவில் இதய அறுவைக்கு வழிகாட்டிய இடங்களுள் முதன்மையானது நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ் அங்கே நெஞ்சறுவைத் துறையை வளர்த்தார். 1960-களின் தொடக்கத்தில் மருத்துவர் கோபிநாத்தும் அவருடைய குழுவினரும் அங்கே இதயத்தைத் திறந்து செய்யும் அறுவையை நடத்திக் காட்டினார்கள். ஆனால் வால்வு வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. அதன் விலை ஏழை உழவரும் கூலித் தொழிலாளியும் எண்ணிப் பார்க்கக் கூடியதாக இல்லை. நோய் ஏழைக்கு, மருந்து செல்வர்க்கு என்னும் பழைய கொடுமை இங்கும் நின்றது.

இந்தக் கொடுமையை எதிர்கொண்டவர் திருவனந்தபுரத்தில் பணியாற்றிய மருத்துவர் எம். எஸ். வலியத்தான். 1934-இல் மாவேலிக்கரையில் பிறந்தவர். வெளிநாடுகளில் அறுவை மருத்துவம் பயின்று திரும்பியவர். திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் கேரள அரசுக்கு 1973-இல் வழங்கிய மருத்துவமனைக் கட்டடத்தில், 1976-இல் ஸ்ரீ சித்திரா மருத்துவ மையம் இயங்கத் தொடங்கியது. 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. அரச குடும்பத்தாரின் பூஜப்புரை அரண்மனை ஒன்று மருத்துவக் கருவிகளைச் செய்யும் ஆய்வுக்கூடமாக மாறியது. அரசர் உலவிய மாளிகையில் ஏழைகளுக்கான இதயக் கதவு உருவாயிற்று.

அது எளிதில் உருவாகிவிடவில்லை. முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. ஒன்றில் உலோகத் தாங்கி முறிந்தது. ஒன்றில் செயற்கை நீலமணியால் ஆன தட்டு உரசி உரசி உலோகத்தைத் தேய்த்தது. மூன்றாவது வடிவம் சோதனைகளைத் தாண்டிச் செம்மறியாட்டின் இதயம் வரை சென்றது. சில மாதங்களில் தட்டு உடைந்து ஆடு இறந்தது. ஆண்டுக்கணக்கான உழைப்பு வீணாயிற்று என்று ஏளனம் செய்தவர்களும் இருந்திருப்பார்கள். வலியத்தானும் பொறியாளர் புவனேஸ்வரும் அவர்களுடைய குழுவினரும் கைவிடவில்லை. கோபால்ட் கலந்த உறுதியான உலோகத்தில் வளையம். உராய்வைத் தாங்கும் தனிவகைப் பாலி எத்திலீன் பிளாஸ்டிக்கில் சாயும் தட்டு. இதயத் தசையோடு சேர்த்துத் தைக்க பாலியெஸ்டர் துணி விளிம்பு. இப்படி அமைந்த நான்காவது வடிவம் வென்றது. 1990 டிசம்பர் 6-ஆம் நாள் அது முதன்முதலாக ஒரு மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. 1995 ஜனவரி வரை ஆறு மருத்துவமனைகளில் 306 நோயாளிகளிடம் அது ஆராயப்பட்டது. பின்னர் டி.டி.கே. நிறுவனத்தின் வழியாகச் சந்தைக்கு வந்தது. இதுவரை ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் அதைப் பெற்றிருக்கிறார்கள். வலியத்தான் 2024 ஜூலை 17-ஆம் நாள் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

நம் வட்டாரத்தார்க்குத் திருவனந்தபுரம் அயலூர் அன்று. செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லத்திற்குச் செல்லும் இருப்புப்பாதை 1904-ஆம் ஆண்டிலும், விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் பாதை 1927-ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. மலைப்பாதை அகலப் பாதையாவதற்காக 2010-இல் மூடப்பட்டு 2018-இல் மீண்டும் திறந்தது. மதுரைக்கும் சென்னைக்கும் செல்லும் நம் மக்கள், அந்தக் கணவாயைக் கடந்தும் இதயத்திற்கு மருந்து தேடிச் சென்றிருக்கிறார்கள்.

மாத்திரையின் வரலாறு

கதவின் கதை இத்துடன் முடிந்துவிட்டால் நன்றாயிருக்கும். ஆனால் அந்நியப் பொருளைத் தொடும் இரத்தம் உறையத் தொடங்கும் என்பது உடலின் இயல்பு. வால்வில் உறைகட்டி படிந்தால் கதவு சிக்கிக்கொள்ளும். கட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். ஆகவே இயந்திர வால்வு பெற்றவர், இரத்தம் எளிதில் உறையாமல் காக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டும். வார்ஃபரின், அசிட்ரோம் என்னும் பெயர்கள் அந்த வீடுகளில் உப்பு, புளியைப் போல் பழகிய பெயர்கள்.

அந்த மாத்திரையின் பிறப்பும் வியப்புக்குரியது. 1920-களில் வட அமெரிக்கப் பண்ணைகளில் மாடுகள் காரணமின்றி இரத்தம் கசிந்து மடிந்தன. பூசணம் பிடித்த இனிப்புத் தீவனப்புல்லே காரணம் என்று கண்டார்கள். 1933-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், விஸ்கான்சின் மாநிலத்து உழவர் ஒருவர், இறந்த கன்றையும், கெட்டுப்போன வைக்கோலையும், உறையாத இரத்தம் நிறைந்த பால்கேனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கொட்டும் பனியில் நெடுந்தொலைவு வந்து, கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியலறிஞரின் கூடத்துக் கதவைத் தட்டினார். அன்று தொடங்கிய ஆய்விலிருந்து பிறந்ததே வார்ஃபரின். 1948-இல் அது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதர்க்கு மருந்தாக ஒப்புதல் பெற்றது. மறு ஆண்டு மாரடைப்புக்கு ஆளான அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கும் அது கொடுக்கப்பட்டது.

எலியைக் கொல்லும் பொருளே மனிதரைக் காக்கிறது என்றால், வேறுபாடு அளவில்தான் இருக்கிறது. அந்த அளவை அறியச் செய்யும் இரத்தப் பரிசோதனையை எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்கி, ஐ.என்.ஆர். என்னும் எண்ணாக உலக நலவாழ்வு நிறுவனம் 1983-இல் வகுத்துத் தந்தது. நலமான ஒருவரிடம் அந்த எண் 1 அளவில் இருக்கும். இயந்திர வால்வு பெற்றவர்க்கு, வால்வின் வகையையும் அது இருக்கும் இடத்தையும் பொறுத்து, பெரும்பாலும் 2 முதல் 3.5 வரையுள்ள ஓர் எல்லையை மருத்துவர் குறித்துக் கொடுப்பார். எண் தாழ்ந்தால் உறைகட்டி, ஏறினால் இரத்தக்கசிவு. இரண்டு பள்ளங்களுக்கு இடையிலுள்ள வரப்பில் நடப்பது போன்ற வாழ்க்கை அது.

வால்வோடு வந்த முதுமை

இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். மேலை நாட்டு மருத்துவ நெறிகள், 65 வயதைக் கடந்தவர்க்கு விலங்குத் திசுவால் ஆன வால்வையே பெரும்பாலும் பரிந்துரைக்கின்றன. அது பத்து, பதினைந்து ஆண்டுகளில் தேயக்கூடும். ஆனால் வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் வேண்டியதில்லை. இயந்திர வால்வு பல்லாண்டு உழைக்கும் என்பதால் இளையோர்க்கு உரியதாகக் கருதப்படுகிறது. ஆகவே நம் ஊர்களில் இயந்திர வால்வோடு வாழும் முதியோருள் பலர், முதுமையில் வால்வைப் பெற்றவர்கள் அல்லர். வால்வோடு முதுமைக்குள் நுழைந்தவர்கள். 1990-களில் நாம் கொண்டாடிய வெற்றியின் முதல் தலைமுறை இப்போது நரைத்துவிட்டது. அவர்களுக்காக விழா எடுத்த காலம் போயிற்று. அவர்களை நினைக்க வேண்டிய காலம் இது.

அவர்களுடைய வாழ்க்கை பெரும்பாலும் நல்ல வாழ்க்கையே. மூச்சிரைப்பு நீங்கியது, படுத்து உறங்க முடிகிறது, தோட்டத்தில் நீர் பாய்ச்ச முடிகிறது, கோவிலுக்கு நடந்து செல்ல முடிகிறது. ஒலியும் காலப்போக்கில் பழகிவிடுகிறது. காது மங்கும்போது ஒலியும் தொலைவாகிவிடுகிறது. அருகில் உறங்கும் மனைவிக்கே அது தெளிவாகக் கேட்கிறது. தொடக்கத்தில் அது அவளை உறங்கவிடவில்லை. பின்னர் அது கேட்காவிட்டால் அவளுக்கு உறக்கம் வருவதில்லை.

ஆனால் முதுமை தன் சுமைகளையும் கொண்டுவருகிறது. வயது ஏற ஏற, மாத்திரையின் அதே அளவு உடலில் அதிகமாக வேலை செய்கிறது. முன்பு பொருந்திய அளவு இப்போது மிகையாகலாம். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, வார்ஃபரினோடு சேர்ந்து வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கலாம். காய்ச்சலுக்குக் கொடுக்கும் சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும், பொருள் தெரியாத நாட்டு மருந்துப் பொடிகளும் எண்ணைத் தாறுமாறாக்கும். ஊசி போட்டால்தான் மருத்துவம் என்னும் நம்பிக்கை நம்மிடையே இன்னும் உண்டு. இவர்களுக்குத் தசையில் போடும் ஊசி இரத்தக்கட்டாக வீங்கலாம். குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் உள்ளே இரத்தம் கசியலாம். பல் பிடுங்கும் முன் வால்வுக்குத் தொற்று ஏறாதிருக்க மருந்து வேண்டும். அதைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்காக வார்ஃபரினைத் தாமாக நிறுத்திவிடுதல் பெருந்தவறு.

இவை எல்லாவற்றிலும் பெரிய சுமை மறதி. காலையில் உண்டோமா, இல்லையா என்று ஐயம் எழுகிறது. ஒன்றுக்கு இரண்டாக உண்ணப்படுகிறது, அல்லது இரண்டு நாள் உண்ணாமலே போகிறது. மிகுந்த கவனம் வேண்டிய அந்த வயதில்தான் பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிடுகிறார்கள். இரத்தம் எடுத்து எண் பார்க்க, மாதத்திற்கு ஒரு முறையேனும், எண் தடுமாறும் காலத்தில் வாரந்தோறும், பேருந்து ஏறி இராஜபாளையத்திற்கோ, சிக்கலானால் 85 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்கோ செல்ல வேண்டும். துணைக்கு ஆளில்லை, ஒரு நாள் கூலி போகிறது, "போன மாதம் சரியாய்த்தானே இருந்தது" என்று தள்ளிப்போடுகிறார்கள். விபத்துகள் அந்தத் தள்ளிப்போட்ட மாதத்தில் நிகழ்கின்றன.

இக்காலத்தில் வேறு சில இதய நோயாளிகளுக்குப் பரிசோதனை வேண்டாத புதிய மாத்திரைகள் வந்துள்ளன. பக்கத்து வீட்டார் அதை உண்பதைக் கண்டு, "எனக்கும் அதுவே போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. டாபிகாட்ரான் என்னும் புதிய மருந்தை இயந்திர வால்வு பெற்றோரிடம் ஆராய்ந்தபோது, உறைகட்டியும் இரத்தக்கசிவும் மிகுந்ததால் அந்த ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2013-இல் அதன் முடிவுகள் வெளியாயின. அபிக்ஸபான் என்னும் மற்றொரு மருந்தின் ஆய்வும் 2022-இல் நிறுத்தப்பட்டது. எனவே பழைய மாத்திரையும் பழைய பரிசோதனையுமே இன்றும் அவர்களுடைய காவல்.

காப்பவர்கள்

கதவைச் செய்தவர்களின் பெயர்களை வரலாறு எழுதி வைத்திருக்கிறது, அது நியாயமே. அந்தக் கதவைக் காப்பவர்களின் பெயர்களை யார் எழுதுவார்? சுவரில் தொங்கும் நாட்காட்டியில் மாத்திரை கொடுத்த நாளைப் பென்சிலால் குறித்துவைக்கும் மனைவி. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் மருமகள். பரிசோதனைத் தாளில் உள்ள எண்ணை மருத்துவருக்குத் தொலைபேசியில் படித்துச் சொல்லும் பள்ளிப் பேரன். அறுவை ஒரு நாளில் முடிந்தது. இவர்களுடைய பணி முப்பது ஆண்டுகளாக முடியவில்லை.

நம் வட்டாரத்திற்கு ஒரு சிறப்பு உண்டு. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், அய்யன்கொல்லங்கொண்டான் ஆகிய ஊர்களின் விசைத்தறிகளில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி, நாட்டின் பல மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. எங்கோ யாரோ ஒருவருடைய நெஞ்சைத் திறந்து மூடிய காயத்தின் மேல் நம் தறியின் துணி இருந்திருக்கலாம். ஊரார் காயத்திற்குத் துணி நெய்யும் நாம், அடுத்த தெருவில் அந்தக் காயத்தின் தழும்போடு வாழும் முதியவரை மறக்கலாமா?

அரசு செய்திருப்பதையும் சொல்ல வேண்டும். 2009-இல் தொடங்கி, 2012-இல் புதிய வடிவம் பெற்ற முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், நகை விற்காமல் அறுவை செய்துகொள்ளும் வழியை ஏழைக் குடும்பங்களுக்குத் திறந்தது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது. 2022-இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து எண்ணைக் காட்டும் சிறு கருவிகள் வெளிநாடுகளில் நோயாளிகளின் வீடுகளிலேயே இருக்கின்றன. அத்தகைய பரிசோதனை ஊர்தோறும் கிடைக்குமாறு கேட்பது நம் உரிமை.

பங்கு மக்களாகிய நாம் செய்யக்கூடியதும் உண்டு. முன்பு அவஸ்தைப்பூசுதல் என்று நாம் அழைத்து, உயிர் பிரியும் நேரத்திற்கென்று ஒதுக்கிவைத்த அருளடையாளத்தை, வத்திக்கான் சங்கத்திற்குப் பின் 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோயில்பூசுதலாகச் சீர்ப்படுத்தித் தந்தார். நோயாளர்க்கும் தளர்ந்த முதியோர்க்கும், வாழும் வலிமைக்காகவே அது வழங்கப்படுகிறது. சாகும்போது மட்டும் தேடி வருவதை விட்டு, வாழும்போதே தேடி வரும் மனம் நமக்கு வேண்டும் என்பது அந்த மாற்றத்தின் பாடம். அன்பியக் கூட்டத்தில் ஒருவர் பொறுப்பேற்று, மாதம் ஒரு முறை அந்தப் பெரியவரைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றால், அதுவும் ஒரு வழிபாடே.

தவக்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். கீரைகளில் உள்ள வைட்டமின் கே, மாத்திரையின் வேலையைக் குறைக்கும். கீரையை அறவே விடவேண்டும் என்பதில்லை; வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவாக உண்ண வேண்டும் என்பதே விதி. ஆண்டு முழுவதும் அரிதாகக் கீரை உண்டவர், சுத்தபோசன நாள்களில் திடீரென்று நாள்தோறும் முருங்கைக்கீரை உண்டால் எண் தாழும். ஒருசந்தி என்று பட்டினி கிடந்தால் எண் ஏறலாம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 59 வயது நிறைந்தவரை ஒருசந்திக் கடமையிலிருந்து விடுவிக்கிறது. நோயாளியையோ எந்த வயதிலும் அது வற்புறுத்துவதில்லை. மாத்திரையை நேரம் தவறாமல் உண்பதே அவர்களுடைய தவம் என்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வருங்காலத்தையும் மறக்கலாகாது. இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தொண்டை வலியும் மூட்டு வீக்கமும் வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுவோம். ருமாட்டிக் காய்ச்சல் என்று தெரிந்தால், மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை, மருத்துவர் நிறுத்தச் சொல்லும் வரை ஆண்டுக்கணக்கில் தவறாமல் போட்டால், கெடாத வால்வு கெடாமல் இருக்கும். மாற்றுக் கதவு வேண்டாத வாழ்வே சிறந்த வாழ்வு.

மீண்டும் அந்த மாலை நேரத்து அமைதிக்கு வருவோம். சோழபுரத்துப் பெரியவரின் நெஞ்சில் ஒலிக்கும் ஒலியைச் சிலர் தொல்லையாகக் கருதியிருக்கலாம். ஆனால் வால்வில் உறைகட்டி படியத் தொடங்கினால் அந்த ஒலி மங்கும், அல்லது கேட்காமல் போகும். கூர்மையாக விழுந்த ஒலி மந்தமானால், அதோடு மூச்சிரைப்பும் தோன்றினால், ஒரு மணி நேரமும் தாழ்த்தாமல் இதய மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அதை முதலில் அறியக்கூடியவர், பல்லாண்டுகளாக அந்த ஒலியின் அருகில் உறங்கி எழுந்தவரே. அந்த ஒலிக்குக் காது கொடுப்பதற்குக் கருவி ஏதும் வேண்டியதில்லை. அருகில் ஒருவர் இருந்தால் போதும்.

அவர் தனியாக வாழ்கிறார் என்றால், அந்தக் காதாக யார் இருப்பது? நம் தெருவில், நம் பங்கில், அத்தகைய ஒருவர் இருக்கிறாரா என்று இன்று மாலையே நாம் கேட்டறிவோம்.